தப்புக் கட்டிய நாள்

2006-ம் வருஷம், ஐப்பசி மாதம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் கடலை ஒட்டி இருக்கிற ஒரு விடுதிப் பள்ளியில் நடந்தது இது. பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதை நடத்துகிறவர்கள் இப்போது நல்லவர்கள். அப்போதும் தங்களை நல்லவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நயினார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் அரசாங்க நர்ஸாக இருக்கிறேன். பிறப்பால் நரிக்குறவர் இனம். இதை யாரிடமும் மறைத்ததில்லை, கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவேன். சொன்னதும் எதிராளி முகத்தில் ஒன்று வந்து போகும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே சில சமயம் கேட்காதவர்களிடமும் சொல்வேன். "பாத்தா அப்புடித் தெரியலையே சிஸ்டர்" என்பார்கள். பாராட்டாம்! நான் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "அதுக்கென்ன சிஸ்டர், நீங்க சுத்தமாத்தான இருக்கீக" என்றாள். நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஆட்களில் நர்ஸுக்குப் படித்த பெண்ணைக் கட்ட ஆள் கிடையாது. மற்றவர்களில் எங்கள் பெண்ணைக் கட்ட ஆள் கிடையாது. பேச்சு அத்தோடு முடிந்துபோனது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு ஆளுக்குச் சோறு, ஒரு ஆளுக்குக் குழம்பு. சில நாள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே படுத்துவிடுவேன். அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம்.

விடுதிக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் குடும்பங்கள் ராமேஸ்வரத்தில் ஊருக்கு வெளியே பொட்டலில் கூடாரம் போட்டிருந்தன. அப்பாவும் அம்மாவும் கோயில் வாசலில் ஊசி, பாசிமணி, ருத்திராட்சம் விற்பார்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் ஜீப் வந்தது. பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம், மூன்று வேளைச் சோறு போடுகிறோம் என்றார்கள். எங்கள் வீட்டில் நான் போனேன். அக்கா போகவில்லை. தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமக்க ஓர் ஆள் வேண்டுமே. எனக்கு ஜீப்பில் ஏறியது ஒரே பெருமை. அக்காவைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டிக்கொண்டே போனேன்.

போன அன்றே மொட்டை அடித்தார்கள். கழுத்தில் அம்மா கோத்துப் போட்டிருந்த மணிகளைக் கத்தரித்து எடுத்தார்கள். பெயரை மாற்றினார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பேச்சைப் பேசக் கூடாது என்றார்கள் பாருங்கள், அதுதான் தாங்க முடியாதது. எங்கள் வீட்டு மொழி தமிழ் இல்லை. அது வேறு மொழி, அதற்கு எழுத்து கிடையாது. அந்த மொழியில் ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் ஒரு கை கல்லுப்பை வாயில் போட்டு, சாயங்காலம் பிரார்த்தனை மணி அடிக்கிறவரை துப்பாமல் நிற்க வைப்பார்கள். தூக்கத்தில் பேசியவர்களுக்கும் அதேதான். பிள்ளைகள் நாங்கள் என்ன செய்வோம், சீக்கிரமே தமிழில் கனவு காணப் பழகிக்கொண்டோம்.

எப்போதாவது அம்மாவும் அக்காவும் பார்க்க வருவார்கள். கேட்டுக்கு வெளியே அவர்கள், உள்ளே நான், பக்கத்தில் ஆயா. தமிழில்தான் பேச வேண்டும் என்பது சட்டம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் தமிழ் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த தமிழ் எது? வியாபாரத் தமிழ். கோயில் வாசலில் யாத்திரைக்காரர்களிடம், "வாங்க சாமி, பாருங்க சாமி, நல்ல மணி சாமி" என்று பேசிப் பழகிய தமிழ். அதில் 'சாமி' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. "சாப்பிட்டியா சாமி?" என்று பெற்ற அம்மா என்னைக் கேட்டாள். "நல்லா இருக்கீங்களா சாமி?" என்று கேட்டு அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது என்ன பெரிய வயசு! சினிமாவில் காமெடிக்காரர்கள் இந்த 'சாமி'யைச் சொல்லிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைக்கிறார்கள். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. எங்கள் ஆட்கள் தங்களுக்குள் யாரையும் சாமி என்று கூப்பிட மாட்டார்கள். அது வெளியாட்களுக்கான வார்த்தை.

நான் நர்ஸ் படிப்பில் இருந்தபோது அம்மா இறந்தாள். போய்ச் சேர்ந்தபோது பெண்கள் எல்லாரும் எங்கள் மொழியில் பாட்டுச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் அம்மாவைப் பற்றி என்னென்னவோ சொல்லி அழுகிறார்கள், நான் ஊமை மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து, "அழாதீங்க சாமி" என்றாள். அன்றைக்கு அம்மா போனதைவிட இந்த வார்த்தைதான் என்னை அதிகமாக அடித்துப்போட்டது.

அதற்கப்புறம் அப்பாவும் தம்பியும் போய்விட்டார்கள். மிச்சம் அக்கா ஒருத்திதான். லீவு கிடைத்தால் ராமேஸ்வரம் போய் அவளைப் பார்ப்பேன். கோயில் வாசலில் மணிக் கடையை விரித்து உட்கார்ந்திருப்பாள். என்னைக் கண்டதும் எழுந்து, தரையைத் துடைத்து, "உக்காருங்க சாமி" என்பாள். ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டேன். "ஏக்கா, நான் ஒன் கூடப் பொறந்தவதான? என்னைச் சாமின்னு கூப்பிடாத. எனக்குக் கஷ்டமா இருக்கு." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி சாமி" என்றாள்.

இந்த நிலைமையில்தான் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பழைய நிறுவனர் இறந்து, அவருடைய மகள் தாளாளர் ஆகியிருந்தார். என்னைவிடச் சின்னவர். வீடு தேடி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், "எங்கப்பா காலத்துல உங்களுக்கெல்லாம் நடந்ததுக்குப் பகிரங்கமா மன்னிப்புக் கேக்கணும்னு இருக்கேன்கா. பழைய பிள்ளைங்க எல்லாரையும், அவங்க குடும்பத்தையும் கூப்பிட்டிருக்கேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு மன்னிப்பில் ஒன்றும் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் அக்காவையும் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். மன்னிப்பு என்று ஒன்று நடந்தால், கேட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இருப்பதெல்லாம் முடிந்து, அக்கா என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சாமி போடாமல் கூப்பிட்டுவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பந்தல், மைக் செட், வாழை மரம், எல்லாம் தடபுடலாக இருந்தது. பழைய மாணவர்களான எங்களுக்கு மேடையில் நாற்காலி. குடும்பத்தாருக்குக் கீழே ஜமுக்காளம். அக்கா வீட்டுக்காரரோடு வந்திருந்தாள். அவர்கள் விழா முடிந்து அப்படியே கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சொந்தக்காரர்களிடம் சாமி கும்பிடப் போகிறார்களாம், மூட்டை முடிச்சோடு வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் விடுதிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சுவரேறிக் குதித்து ஓடிப்போனவர். அதனால் அவருக்கு எங்கள் மொழியும் இருந்தது, தமிழும் இருந்தது, பாசிமணித் தொழிலும் இருந்தது. "ஓடிப்போனதுக்குமா நர்ஸம்மா பொன்னாட போத்துவாக?" என்று என் காதில் கேட்டு என்னைச் சிரிக்க வைத்தார்.

தாளாளர் பேசினார். உப்பைப் பற்றிச் சொன்னார், மொட்டையைப் பற்றிச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கீழே உட்கார்ந்திருந்த எங்கள் பெரிய மனிதர் ஒருவர் மைக்கை வாங்கி, "மன்னிச்சாச்சு சாமி, மன்னிச்சாச்சு" என்று எல்லார் சார்பாகவும் சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதற்கப்புறம் தாளாளர் என் கையில் மைக்கைக் கொடுத்து, "ரெண்டு வார்த்தை உங்க மொழியிலயே பேசுங்கக்கா. இந்த இடத்துல அது கேக்கணும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்காமல், எங்கே அதைக் காட்டு என்றால் எப்படி? ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை. ஏதாவது ஒரு வார்த்தை, தண்ணீர், சோறு, அம்மா, ஏதாவது ஒன்று வருமா என்று நெஞ்சுக்குள் துழாவினேன். ஒன்றுமே இல்லை. "என்கிட்ட இல்ல" என்று தமிழில் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். ஏதோ பெரிய தத்துவம் சொல்லிவிட்டேன் என்று நினைத்தார்களோ என்னவோ, பந்தலே கைதட்டியது. கீழே இறங்கி அக்காவிடம் போனேன். அவள் முகமெல்லாம் பல்லாக, "நல்லாப் பேசினீங்க சாமி" என்றாள்.

என் நப்பாசை அத்தோடு போயிற்று. இனிமேல் இந்த ஜென்மத்தில் கிடையாது என்று நினைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தியில் பேருக்கு உட்கார்ந்து எழுந்தேன். அக்கா தன் ஆட்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடுகிறது. நான் தள்ளியே நின்றேன். அத்தனை கூட்டத்தில் அவ்வளவு தனியாக நான் நயினார்கோவில் வீட்டில்கூட இருந்ததில்லை.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைதான், சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும். எல்லாரும் தலையில் கையை வைத்துக்கொண்டு வகுப்பறைத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். நானும் ஓடும்போது வேப்பமரத்துக் கிளையில் அத்தானின் துணி மூட்டை ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். அடடா, மாற்றுத்துணி நனைகிறதே, இந்த மனுஷன் மறந்துவிட்டாரே என்று எட்டி அதை எடுத்தேன். பொன்னாடையைப் போட்டு மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குக் கொண்டு வந்தேன். "அத்தான், இந்தாங்க" என்று நீட்டினேன்.

யாரும் வாங்கவில்லை. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். அடுத்து வந்தது அக்காவின் அலறல்.

அது துணி மூட்டை இல்லை. சாமி மூட்டை. எங்கள் குடும்பங்களில் குலதெய்வம் ஒரு மூட்டைக்குள்தான் இருக்கும். போகிற இடமெல்லாம் கூடவே வரும். ஆண்கள்தான் தொட வேண்டும், பெண்கள் கை படவே கூடாது. இதை எங்கள் பெண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, வீட்டில் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். நான் பார்க்கிற இடத்தில் வளரவில்லை, அவ்வளவுதான்.

அத்தான் தலைப்பாகையை அவிழ்த்து விரித்து, அதில் மூட்டையை வாங்கி உயரமான இடத்தில் வைத்தார். அவர் பரம சாது. என்னைப் பார்த்து, "பயப்படாதீங்க சாமி. தெரியாமத் தொட்டுட்டீங்க. வெளியாளு தொட்டா மஞ்சத் தண்ணி தெளிச்சாப் போதும். உங்க மேல குத்தமில்ல சாமி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்த 'வெளியாளு' மட்டும்தான் காதில் நின்றது.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. எங்கள் மொழியில் பொரிந்து தள்ளுகிறாள். அவர் ஒன்று சொன்னால் இவள் பத்து சொல்கிறாள். பெரிய மனிதரும் நடுவில் வந்து ஏதோ சொன்னார். அவருக்கும் விழுந்தது. நடுநடுவே என்னைக் கை நீட்டிக் காட்டுகிறாள். ஓடிப்போனவர் மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நர்ஸம்மா, ஒன் பேருல பஞ்சாயத்து ஓடுது. ஒங்க அத்தான் ஒன்னைய வெளியாளுங்கிறாரு. ஒங்க அக்கா, எங்க ஆத்தா வயித்துல பொறந்தவ எப்படிய்யா வெளியாளுங்கிறா. வெளியாளுன்னா தண்ணி தெளிச்சு விட்ருவாக. நம்ம ஆளுன்னா தப்புக் கட்டணும்."

"தப்புக் கட்டுறதுன்னா?"

"கடல்ல முழுகிட்டு, ஈரச்சேலையோட வந்து, இத்தன பேரு முன்னாடியும் தரையில விழுந்து கும்பிடணும். வெத்தல பாக்கு, தேங்கா வைக்கணும். இந்த மழையில ஒனக்கு வேணுமா இது? பேசாம வெளியாளாவே இருந்துட்டுப் போ."

தாளாளருக்கு விஷயம் போய், அவர் நனைந்துகொண்டே ஓடி வந்தார். பாவம், விழா இப்படியா முடிய வேண்டும் என்ற பதற்றம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவங்க தெரியாமச் செஞ்சுட்டாங்க. இன்னைக்கு நல்ல நாள். மனசு வச்சு மன்னிச்சு விட்ருங்கம்மா" என்றார்.

அக்கா சட்டென்று தணிந்து, வியாபாரத் தமிழுக்கு மாறினாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "மன்னிக்கிறதெல்லாம் வெளியாளுக்குத்தான் சாமி. உங்களைக் காலையிலயே மன்னிச்சாச்சுல்ல. இது எங்க புள்ள சாமி. இதுக்கு மன்னிப்புக் கெடையாது, தப்புதான்."

தாளாளர் ஒதுங்கிக்கொண்டார். பெரிய மனிதர் என்னிடம் வந்தார். "நீங்க என்ன சாமி சொல்றீங்க?" என்று கேட்டார். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று அவள் பயந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு வருஷமாக அவளும் என்னைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாளா?

"தப்புக் கட்டுறேன்" என்றேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலுக்கு நடந்தாள். அந்தப் பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்பார்கள், அலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, என் உச்சந்தலையில் கையை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினாள். மூச்சுத் திணறி எழுந்தால் திட்டு. மறுபடி அமுக்கினாள், மறுபடி திட்டு. எல்லாம் எங்கள் மொழியில். இடையில் நர்ஸு, பட்டுச்சேலை, அறிவு என்று தமிழ் வார்த்தைகள் தலைகாட்டின. மிச்சம் எதுவும் விளங்கவில்லை. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அத்தனை திட்டிலும் ஒரு சாமிகூட இல்லை. எங்காவது ஒன்று வந்துவிடுமோ என்று பயந்து பயந்து கேட்டேன். வரவே இல்லை. சந்தோஷம் தாங்காமல் ஓவென்று அழுதுவிட்டேன். திட்டியதற்கு அழுகிறேன் என்று நினைத்து, அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

சேலை சொட்டச் சொட்ட வந்து மூட்டைக்கு முன்னால், எல்லார் முன்னாலும் விழுந்து கும்பிட்டேன். பள்ளிச் சமையல்கட்டிலிருந்து தேங்காயும் வெற்றிலையும் தாளாளரே கொண்டு வந்து கொடுத்தார். அத்தான் குங்குமம் எடுத்து என் நெற்றியில் பூசி, "எந்திரி புள்ள" என்றார். எழுந்தேன். அக்கா தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லி என்னைக் கூப்பிட்டாள். சின்னவளைக் கூப்பிடுகிற வார்த்தையாம், ஓடிப்போனவர் சொன்னார். அதை இங்கே எழுதிக் காட்ட ஆசைதான். எழுத்து இல்லாத மொழியை எந்த எழுத்தில் எழுத?

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் அன்றே சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். எனக்கு மறுநாள் டியூட்டி. ஈரச்சேலையோடு பஸ் ஏறி, தனியாகத்தான் நயினார்கோவிலுக்குத் திரும்பினேன். இப்போதும் தனியாகத்தான் இருக்கிறேன். மொழியும் திரும்பி வரவில்லை. அக்காவிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறேன், என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அசட்டு வேலை எதையாவது செய்தால் கோயில் வாசல் என்றும் பார்க்காமல், பக்தர்கள் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். அவர்களிடம் திரும்பி, "நீங்க பாருங்க சாமி" என்கிறாள்.

தாளாளர் மறுநாளே போன் செய்தார். "விழாவுல இப்படி ஆயிருச்சேக்கா, மன்னிச்சுக்கங்க" என்றார். அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், பரவாயில்லம்மா என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நாளில், இவளுக்கு மன்னிப்புக் கிடையாது என்று சண்டை பிடித்தவள் ஒருத்திதான். இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பவளும் அவள் ஒருத்திதான்.